பஸ் காலியாக நின்றால் சம்பளமும் பாதியா?

கோவை மாவட்டத்திலிருந்து ஓர் ஓட்டுநர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அடையாளம் தெரியாத அளவுக்குச் சுருக்கித் தருகிறேன்.

வயது 38. ஜூன் முதல் மார்ச் வரை பள்ளி வேன் ஓட்டுகிறார். கோடை விடுமுறையில் பள்ளி சம்பளம் தராது. அதனால் நான்கு வருடமாக ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டிக்குப் போய் சீசன் வண்டி ஓட்டுகிறார். ஊருக்கு வெளியே கார்களை நிறுத்தும் மைதானத்திலிருந்து தாவரவியல் பூங்கா, படகு இல்லம் என்று சுற்றுலாப் பயணிகளை ஏற்றி இறக்கும் 25 சீட் பஸ். ஒரு தனியார் கான்ட்ராக்டரிடம் இப்படி 14 வண்டிகள். சம்பளம் தினம் 900 ரூபாய், பேட்டா 200. எல்லாம் வாய்ப்பேச்சு.

இந்த சீசனில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்தே சாரல், பனிமூட்டம். ஆறரைக்கு வண்டியைத் துடைத்துக் கொண்டுவந்து ஸ்டாண்டில் போட்டார். முதல் டிரிப் பத்தே காலுக்கு, நாலே பேர். அடுத்தது மூன்று மணிக்கு, பதினோரு பேர். நடுவில் மூன்று டீ, மற்ற டிரைவர்களோடு அரட்டை, வெறும் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டு ஒரு தூக்கம். இரவு ஏழரைக்கு ஷெட்டில் விட்டபோது கையில் கொடுத்தது 450 ரூபாய். பேட்டா இல்லை. "வண்டி ஓடலை, கலெக்‌ஷன் இல்லை, நான் எங்கிருந்து கொடுக்க?" என்றாராம் கான்ட்ராக்டர். அந்த சீசனில் இப்படி 11 நாள்.

அதே நாளில் மேனேஜர் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: சும்மா நிற்பதற்குப் பதில் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் ஆளுக்கு இவ்வளவு என்று டிக்கெட் பேசி குன்னூருக்கு ஏற்றிப் போ. இவர் போகவில்லை. அதுவும் கோபத்துக்கு ஒரு காரணம். ஒரிஜினல் லைசென்ஸ் கான்ட்ராக்டரிடமே இருக்கிறது. சில இரவுகள் வண்டிக்குக் காவலாக அதிலேயே படுக்கச் சொல்கிறார்கள்.

கடைசியில் நண்பர் கேட்பது: "சும்மா உட்கார்ந்திருந்ததற்கு எப்படிக் காசு கேட்பது? கேட்டால் நியாயமாக இருக்குமா? சட்டத்தில் இடம் இருந்தால் காத்திருந்த நேரம் முழுவதற்கும் ஓவர்டைம் கேட்கலாமா? நாலு வருஷம் ஓட்டியதற்கு நிரந்தரம் கேட்க முடியுமா? பாக்கி தரும்வரை சாவியைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளலாம் என்று கூட ஓட்டும் ஒருவர் சொல்கிறார், செய்யலாமா?"

நண்பரே, உங்கள் முதல் கேள்வியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பாதிச் சம்பளம் கொடுத்தவருக்கு இல்லாத கூச்சம், வாங்கியவருக்கு இருக்கிறது. முதலில் இதைப் பேசிவிடுவோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நீங்கள் சும்மா இருக்கவில்லை. வேறு வேலைக்குப் போக முடியாமல், வீட்டுக்கும் போக முடியாமல், கூப்பிட்ட நிமிடம் ஸ்டார்ட் செய்யத் தயாராக ஆறரையிலிருந்து ஏழரைவரை அங்கே இருந்தீர்கள். பயணி வராததற்குக் காரணம் மழையாக இருக்கலாம், வார நாளாக இருக்கலாம், இ-பாஸாக இருக்கலாம். நீலகிரிக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்துவிட்டது. 2025 சீசனில் வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பே வைத்தது. வண்டி எடுக்கும்போதே கான்ட்ராக்டர் கணக்குப் போட வேண்டிய விஷயங்கள் இவை. மலர்க் கண்காட்சி சனி ஞாயிறில் கலெக்‌ஷன் அள்ளியபோது உங்களுக்கு இரண்டு மடங்கு கொடுத்தாரா? இல்லையே. லாப நாளில் பங்கு தராதவர் நஷ்ட நாளில் மட்டும் உங்களைப் பங்காளியாக்க முடியாது.

பாதிச் சம்பளம்: சட்டம் என்ன சொல்கிறது

இந்த இடத்தில் சட்டம் பழைய காலத்திலிருந்தே தெளிவாக இருக்கிறது. 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் 15ஆவது பிரிவு சொன்னதையே, அதன் இடத்துக்கு வந்திருக்கும் 2019 ஊதியச் சட்டத் தொகுப்பின் 10ஆவது பிரிவும் சொல்கிறது. தினக்கூலிக்கு வந்த ஒருவர் முழு நேரமும் வேலை செய்யாமல் போனாலும், முழு நாள் வேலை செய்தவராகவே கருதி ஊதியம் தர வேண்டும். விதிவிலக்கு முக்கியமாக ஒன்றுதான்: வேலை இருந்தும் செய்ய அவருக்கு மனமில்லாமல் போயிருந்தால். முதலாளியால் வேலை கொடுக்க முடியாமல் போனது தொழிலாளியின் குற்றமாகாது. இந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது.

ஒரு நுணுக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் எதிர்த்தரப்பு வக்கீல் சொல்வார். அந்தப் பிரிவு நேரடியாகப் பேசுவது அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்தைப் பற்றி. உங்களுக்குப் பேசிய 900 அதைவிட அதிகமாக இருந்தால், அந்தக் கூடுதல் தொகைக்கு நாம் வேறு வழியில் வருகிறோம். பேசிய சம்பளத்திலிருந்து எதைப் பிடிக்கலாம் என்பதற்கு அதே தொகுப்பின் 18ஆவது பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது. வேலைக்கு வராத நாள், முன்பணம், சட்டப்படியான அபராதம், இப்படிப் போகும். "அன்று கூட்டம் இல்லை" என்பது அந்தப் பட்டியலில் கிடையாது.

பேட்டா விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் தேவை. வெளியூரில் தங்கிச் சாப்பிடுவதற்கான தினப்படி என்று பேசியிருந்தால், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயிறு ஒன்றுதான், கேட்கலாம். இத்தனை டிரிப் அடித்தால் இவ்வளவு என்று பேசியிருந்தால், ஓடாத நாளுக்குக் கேட்பது பலவீனமான வாதம். உங்கள் கடிதத்தில் இது தெளிவாக இல்லை. கூட்டமான நாளிலும் அதே 200தான் வந்தது என்றால் அது தினப்படி என்றே நான் வாதிடுவேன்.

கணக்குப் பார்ப்போம். 11 நாளுக்குப் பாதிச் சம்பளம் 4,950. பேட்டா 2,200. மொத்தம் 7,150 ரூபாய். இதற்காகக் கோர்ட்டுக்குப் போவதா என்று நினைக்காதீர்கள். போக வேண்டியது முதலில் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு. அதை அப்புறம் சொல்கிறேன்.

காத்திருந்த நேரமெல்லாம் ஓவர்டைமா?

இங்கே உங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம் தர வேண்டியிருக்கிறது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு 1961இலிருந்து தனிச் சட்டம் ஒன்று இருந்தது. இப்போது அது 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் சேர்ந்துவிட்டது. நாளுக்கு 8 மணி நேரம், அதற்கு மேல் போனால் இரட்டிப்பு ஊதியம் என்பது இரண்டிலும் உண்டு. ஆனால் ஓட்டுநருக்கு எது "வேலை நேரம்" என்று கணக்கிடும்போது மூன்றைச் சொல்கிறார்கள். வண்டி ஓடும் நேரம். வண்டி சார்ந்த உப வேலைகள். மூன்றாவது, ஸ்டாண்டில் சும்மா காத்திருக்கும் நேரம், அதுவும் 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால்.

அந்தப் பதினைந்து நிமிடம்தான் விஷயம். பத்தே காலிலிருந்து மூன்று மணிவரை நீங்கள் காத்திருந்ததை ஓவர்டைம் கணக்கில் சேர்ப்பது கடினம். முதலாளியின் பிடியில் இருந்த நேரம்தானே என்று வாதிடலாம், நானும் வாதிடுவேன். ஆனால் ஜெயிக்கும் என்று உறுதி தர மாட்டேன். அந்த நாளுக்கு முழுச் சம்பளம் கேளுங்கள், அது வலுவான கேள்வி. ஓவர்டைமையும் அதன் தலையில் ஏற்றினால் வலுவானதும் சேர்ந்து ஆட்டம் காணும்.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன விஷயம் ஒன்று கடிதத்தில் இருக்கிறது: "மலர்க் கண்காட்சி சமயம் காலை ஆறரைக்கு ஆரம்பித்தால் ராத்திரி ஒன்பதுவரை இறங்கவே நேரம் இருக்காது, பத்து நிமிஷத்தில் வண்டி நிரம்பிவிடும், அந்த நாளில் சம்பளம் சரியாக வந்துவிடும்." சரியாக வரவில்லை நண்பரே! பத்து நிமிடக் காத்திருப்பு என்றால் அது பதினைந்துக்குக் குறைவு, ஆகவே அதுவும் வேலை நேரம். காலையில் வண்டியைத் துடைத்தது, எண்ணெய் தண்ணீர் பார்த்தது, இரவு கலெக்‌ஷனை எண்ணிக் கட்டியது, ஷெட்டில் விட்டது, இவை எல்லாம் உப வேலை, அதுவும் சேரும். சாப்பாட்டு நேரம் ஒரு மணியைக் கழித்தாலும் 13 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. எட்டுக்கு மேல் உள்ள ஐந்து மணிக்கு இரட்டிப்பு ஊதியம் வர வேண்டும். நீங்கள் வாங்கியது வெறும் 900.

அதாவது, காலியாகக் கிடந்த நாளில் பறிபோனது உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. ஓய்வில்லாமல் ஓடிய நாளில் போனது தெரியவில்லை, தொகையோ அதில்தான் பெரிது. ஓட்டுநர்கள் கொண்டுவரும் வழக்குகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது.

இன்னொன்று, காலை முதல் இரவுவரை மொத்த இழுப்பு எவ்வளவு என்பது. 1961 சட்டம் இடைவேளைகளையும் சேர்த்து 12 மணி நேரத்துக்கு மேல் ஒரு நாள் வேலையை நீட்டக் கூடாது என்றது. ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி ஓய்வும் சொன்னது. உங்கள் செவ்வாய்க்கிழமையே 13 மணி நேரம். மலையில் ஹேர்பின் வளைவுகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட்டுபவருக்கு இது சம்பளப் பிரச்சினை மட்டுமில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

ஆளுக்கு டிக்கெட் பேசி ஏற்றச் சொன்னது

மறுத்தது நூற்றுக்கு நூறு சரி. பேரம் பேசி மொத்தமாக ஒரு குழுவை ஏற்றிச் செல்லும் ஒப்பந்த ஊர்தி பெர்மிட்டில், வழியில் ஆளாளுக்கு டிக்கெட் போட்டு ஏற்ற முடியாது. பெர்மிட்டை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 192ஏ பிரிவில் முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. "வண்டி அவருடையது, கேஸ் அவர் மேல்தானே வரும்" என்று டிரைவர்கள் நினைக்கிறார்கள். அந்தப் பிரிவு ஓட்டியவரையும் சொல்கிறது, ஓட்டச் சொன்னவரையும் சொல்கிறது. செக்கிங்கில் ஸ்டியரிங் பிடித்திருப்பவர் நீங்கள்தான். விபத்து ஏதாவது நடந்தால் பெர்மிட் மீறல் என்று இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கப் பார்க்கும். மந்தமான நாளில்தான் இந்த மாதிரி யோசனைகள் முதலாளிகளுக்கு வரும். அடுத்த முறை சொன்னால், "பெர்மிட் இல்லாததால் போக முடியாது சார்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள். வேலை செய்ய மனமில்லாதவர் என்று நாளை அவர் சொன்னால், பதில் அந்த ஒரு வரியில் இருக்கும்.

சாவியை வைத்துக்கொள்வது

வேண்டாம். கூட ஓட்டுபவர் நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் பணம் பாக்கி இருப்பதால் நம்மிடம் ஒப்படைத்த வண்டியைப் பிடித்து வைக்கும் உரிமை ஓட்டுநருக்கு இல்லை. மறுநாள் காலை நம்பிக்கை மோசடி என்று பாரதிய நியாய சன்ஹிதா 316ஆவது பிரிவில் ஸ்டேஷனில் மனு கொடுப்பார். சம்பளம் கேட்டு அலைய வேண்டிய நீங்கள் ஜாமீன் கேட்டு அலைவீர்கள். பத்து மாதம் பள்ளிக் குழந்தைகளை ஏற்றிப் போகிறவருக்கு ஒரு எஃப்.ஐ.ஆர். என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு எதிர்ப்பக்கம், உங்கள் ஒரிஜினல் லைசென்ஸை அவர் பிடித்து வைப்பதும் சட்டத்தில் இல்லாத வேலை. அது அரசு உங்கள் பெயருக்குத் தந்த ஆவணம், அடமானப் பொருள் கிடையாது. எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். அதுவரை டிஜிலாக்கரில் இருப்பதைச் சோதனையில் காட்டலாம், செல்லும்.

நாலு சீசன், நிரந்தரம்?

இதில் நம்பிக்கை கொடுத்தால் அது பொய்யாகிவிடும். தொடர்ச்சியான பணி என்று சட்டம் பார்ப்பது பன்னிரண்டு மாதத்தில் 240 நாள். நாலு சீசனையும் கூட்டி 240 என்று சொல்ல முடியாது, ஒவ்வொரு வருடமும் தனிக்கணக்கு. சீசன் முடிந்ததும் வேலை முடிவது பேசிக்கொண்டதுதான், அதை ஆட்குறைப்பு என்று இழப்பீடு கேட்கவும் வழியில்லை. அதற்காகச் சீசன் ஆளுக்கு உரிமையே கிடையாது என்று கான்ட்ராக்டர் சொல்வதும் தப்பு. ஒரு நாள் வேலை பார்த்தாலும் அந்த நாள் சம்பளமும், கூடுதல் நேரம் இருந்தால் அதற்கான இரட்டிப்பும் உண்டு. சீசன் முடிந்து அனுப்பும்போது கணக்கை இரண்டு வேலை நாளுக்குள் முடித்துவிட வேண்டும் என்றும் ஊதியத் தொகுப்பு சொல்கிறது.

எழுத்தில் ஒன்றுமே இல்லையே என்று வருந்தியிருந்தீர்கள். நியமனக் கடிதம் கொடுக்க வேண்டியது அவர் கடமை, கொடுக்காதது உங்கள் குற்றமாகாது. ஊதியம் தரவில்லை என்று நீங்கள் மனு போட்டால், கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையதுதான், ஊதியத் தொகுப்பின் 59ஆவது பிரிவு அப்படி. ஆனாலும் நீங்கள் அங்கே வேலை பார்த்தீர்கள் என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். டிரிப் ஷீட்டின் போட்டோ, ஜிபேயில் வந்த பணம், "நாளைக்கு ஆறரைக்கு வந்துடு" என்ற மெசேஜ், ஸ்டாண்டில் எடுத்த செல்ஃபிகூட உதவும். போனை மாற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு பக்கம் சேமித்துவிடுங்கள். 11 நாளின் தேதிகளையும் மறப்பதற்குள் ஒரு நோட்டில் எழுதுங்கள். கூட்டமான நாட்களின் நேரத்தையும் எழுதுங்கள்.

பிறகு, முதலில் அவரிடமே பேசுங்கள். நான்கு வருடப் பழக்கம். கணக்கைத் தாளில் காட்டினால் கொடுத்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் நீலகிரி மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு. வேலை பார்த்த இடம் அங்கே என்பதால் அங்கேதான். மூன்று ஆண்டுவரை காலக்கெடு இருக்கிறது என்பதால் முந்தைய சீசன்களின் பாக்கியையும் விட்டுவிட வேண்டாம். ஆனால் தொகுப்பு வருவதற்கு முன் நடந்தவற்றுக்குப் பழைய சட்டக் கணக்கு குறுக்கே வரலாம், மனு எழுதும்போது வக்கீலிடம் காட்டுங்கள். வக்கீல் செலவுக்குப் பயப்படாதீர்கள். 15100 என்ற எண்ணுக்குப் பேசினால் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஒருவரை ஏற்பாடு செய்யும் வழியைச் சொல்வார்கள். அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கான தமிழக அரசின் நல வாரியத்தில் இன்னும் பதியவில்லை என்றால், இதோடு சேர்த்து அதையும் முடித்துவிடுங்கள்.

ரிஸ்க்கும் சொல்ல வேண்டும். மனு போட்டால் அடுத்த சீசன் கூப்பிடாமல் போகலாம். ஸ்டாண்டில் மற்ற கான்ட்ராக்டர்களிடமும் பேச்சுப் பரவலாம். அதைத் தடுக்க என்னிடம் நல்ல வழி ஏதும் இல்லை. தனியாகப் போவதைவிட அதே பாதிச் சம்பளம் வாங்கிய மூன்று நான்கு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால், ஒருவரை மட்டும் ஒதுக்குவது சிரமம்.

வண்டியில் படுப்பதைப் பற்றி, வக்கீலாக இல்லாமல் ஒரு வார்த்தை. குளிருக்கு இன்ஜினை ஓட விட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்காதீர்கள். கரி அடுப்பை உள்ளே வைப்பது அதைவிட மோசம். அந்தப் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அறை கொடுக்கச் சொல்லுங்கள், கொடுக்காவிட்டால் அந்த இரவுக் காவலை மறுத்துவிடுங்கள்.

அடுத்த மார்ச்சில் அவரே கூப்பிட்டால் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பாக்கி தீர்ந்திருந்தால் போங்கள். மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறும் முன் இந்த மெசேஜை அனுப்பிவிட்டு, பதில் வந்தபின் ஏறுங்கள்:

"சார், ஏப்ரல் 1 முதல் வரேன். தினம் 900, சாப்பாட்டுப் படி 200, வண்டி ஓடினாலும் ஓடாட்டியும். எட்டு மணி நேரத்துக்கு மேல ஓட்டினா ஓவர்டைம் தனி. தங்க ரூம் வேணும். லைசென்ஸ் என்கிட்டயே இருக்கும், ஜெராக்ஸ் தரேன். சரின்னா ஒரு ஓகே போடுங்க."